அம்மா வைத்த சொல்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சில்வண்டு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகு மட்டும் நாற்காலியை மாற்றச் சொல்லித் தினமும் முனகுகிறது. அத்தானுக்கு இருமல் விட்டதா? உன் கண் எப்படி இருக்கிறது?

கண் வலி என்று நீ போனைப் பரணில் போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்குத் தீராத கண் வலி! வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அதே கண்ணை வைத்துக்கொண்டு கடுகு கடுகாக நான்கு பக்கம் எழுதுகிறாய். அத்தான் போனில் நான் கூப்பிட்டாலும் "ம்", "சரி"யோடு வைத்துவிடுகிறாய். போகட்டும், உன்னால் என் கையெழுத்தாவது திருந்துகிறது.

வேலை அதேதான். நான் பார்த்தே இராத ஊரில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதை நான் இங்கே வீட்டிலிருந்தே காதில் மாட்டிக் கேட்டு, அவரவர் குறிப்பில் தட்டச்சு செய்கிறேன். நேற்று டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பெரியவர், "அந்த ஊசி எனக்கு ஆவாதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க. போன தடவ மேலோகத்து வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தேன்" என்று சிரிக்கிறார். நானும் சிரித்துக்கொண்டே அதைச் சிவப்பில் எழுதினேன்.

மாதம் ஒருமுறை ஆபீஸின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காரர் திரையில் வந்து வகுப்பு எடுப்பார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டு, காமிரா மேல் கறுப்பு டேப் ஒட்டு, ஆபீஸ் மெஷினில் சொந்த வேலை பார்க்காதே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்று. அவர் பேசப் பேச எனக்கு அம்மாதான் கண்ணில் நிற்கிறாள். மில்லுக்குக் கிளம்பும்போது நம் மூன்று பேரையும் உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போடச் சொல்லி, "யாரு வந்தாலும் சொல்லக் கேளுங்க. என் குரலாவே இருந்தாலும் சொல்லு இல்லாம தெறக்காதீங்க" என்பாளே.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அம்மா நமக்கென்று வைத்த அந்த ரகசியச் சொல்தான் என் கடவுச்சொல். மாற்றச் சொல்லும்போதெல்லாம் பின்னால் ஓர் எண்ணைக் கூட்டிவிடுவேன். சொல்லை எப்படி மாற்றுவது? அண்ணன் காணாமல் போய் ஏழு வருடம். இரவல் ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனான். ஏணி போய்ச் சேர்ந்தது. அம்மா கடைசியாகப் பேசியதே அதைத்தானே: "சொல்ல மாத்திடாதீங்கடி. அவன் வந்தா அதத்தான் சொல்லுவான்."

பதில் போடு.

உன் சில்வண்டு


ஜூன் 12

என் செல்லத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு இருமல் தேவலை. கண் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்காதே. நாற்காலியில் ஒரு தலையணையாவது வைத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் அந்த மழை நாள்தான் வந்தது. நீ சின்னவள், உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. என் தம்பி, உன் அண்ணன், முழங்காலைக் கிழித்துக்கொண்டு அழுதபடி வந்து கதவைத் தட்டினான். அழுகையில் சொல் மறந்துவிட்டது. "நான்தாங்கா, தெற" என்கிறான். நான் திறக்கவில்லை. அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று பத்து வயது அதிகாரியாக நின்றேன். ஒரு மணி நேரம் மழையில் கிடந்தான். அவன் குரல்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று திறந்திருக்கலாம்.

நீ ஒன்று செய். கடவுச்சொல்லை மாற்றிவிடு. பின்னால் எண்ணைக் கூட்டுவதெல்லாம் வேண்டாம், முழுக்க வேறு ஏதாவது வை. அம்மா சொன்னது வீட்டுக் கதவுக்கு. ஆபீஸுக்கு எதற்கு அது? காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் செய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், இன்றைக்கு ரொம்பவே நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

சொல்லை மாற்றவில்லை. இந்த நேரத்தில் போய் மாற்றச் சொல்கிறாயே! காரணம் கேட்காதே என்று நீ சொன்னால் நானும் அப்படியே சொல்வேன்.

வேடிக்கையைக் கேள். எதிரில் சலவைக் கடை இருக்கிறதல்லவா, அங்கே துவைத்த சட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுழல் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். கம்பி சுற்றும்போது தலையில்லாத ஆட்கள் வரிசையாக ஜன்னலைக் கடந்து போவார்கள். இதுவரை அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன். இந்த வாரம் நாற்காலியை அந்தப் பக்கமாகவே திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை, அண்ணனுக்கு அளவாக இருக்கும்.

ஒரு கேள்வி, யோசிக்காமல் பதில் சொல். யாராவது வந்து அந்தச் சொல்லைச் சரியாகச் சொன்னால் திறந்துவிட வேண்டியதுதானே? அம்மா வைத்த சட்டம் அதுதானே?

இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சில்வண்டு


ஜூலை 20

தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மொத்தமாகக் கண்ணாடி போடும் வேலை வந்துவிட்டது, மூச்சு விட நேரமில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? முதுகு?

யாருக்கு வாக்குக் கொடுத்தாய்? எதற்கு? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல். நம்மிடம் ஒளிவு மறைவு இருந்ததில்லை.

உன் கேள்விக்குப் பதில்: திறக்காதே. சொல்லைச் சொன்னாலும் திறக்காதே. ஒரு சொல் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? காற்றுவாக்கில் போயிருக்கலாம். யாராவது யாரிடமாவது வாய்தவறி உளறியிருக்கலாம்.

கீழே மூன்று வரி அடித்திருக்கிறேன், மை கொட்டிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

உடனே பதில் எழுது.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம்தான் சந்தேகமாக இருக்கிறது. மை கொட்டியதாம்! தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "நான் அன்றைக்கு" என்ற இரண்டு சொல்தான் தெரிந்தது. என்றைக்கு, அக்கா?

சரி, வாக்கை மீறுகிறேன். அண்ணன் வந்துவிட்டான்.

ஜூன் பதினேழாம் தேதி என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "சில்வண்டு, கதவைத் திற" என்று ஒரு வரி. அடுத்த வரியில் அந்தச் சொல். வேறு எதுவும் இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், கை ஈரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைச் சில்வண்டு என்று கூப்பிட வெளியில் யார் இருக்கிறார்கள்? அந்தச் சொல் யாருக்குத் தெரியும்?

தினமும் எழுதுகிறான். உடம்பு சரியில்லாமல் கிடந்தானாம், முகம் காட்டும் நிலையில் இல்லையாம், பேசவும் கூச்சமாம். "சாப்டியா?" என்று தவறாமல் கேட்கிறான். ஏழு வருடமாக இந்த அறையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றான். "அக்கா என்ன வெளியில நிறுத்துனவ" என்றான். நீ வருத்தப்படுவாய் என்றுதான் மறைத்தேன்.

போன வாரம் அம்மாவின் பழைய படம் என்று ஒன்று அனுப்பினான். போனில் திறக்கவில்லை. "பெரிய கம்ப்யூட்டர்ல திற" என்றான். என்னிடம் இருப்பது ஆபீஸ் மெஷின் ஒன்றுதான். தப்புதான், தெரியும். பாதுகாப்புக்காரர் முகம் கண் முன்னால் வந்தது. அம்மா படமாயிற்றே என்று திறந்துவிட்டேன். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, படத்தைக் காணோம். கெட்டுப் போயிருக்கும்.

நீயே சொல், நான் இவனை மறுபடியும் மழையில் நிறுத்தவா?

சில்வண்டு


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. பத்து நாளாகப் பதில் இல்லை. நேற்று அத்தான் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் "ஹலோ" என்றதும் துண்டித்துவிட்டது. நீயா?

இங்கே ஒன்று நடக்கிறது. எழுதினால் பைத்தியம் என்பாய். திங்கட்கிழமை மதியம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், திரையில் அம்புக்குறி தானாக நகர்கிறது. மெதுவாக, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைப் போல. ஒரு நோயாளியின் குறிப்பைத் திறந்தது, மூடியது, அடுத்ததைத் திறந்தது. காமிரா ஓடினால் எரியும் சின்னப் பச்சை விளக்கு அதன் பக்கத்தில் எரிந்தது.

பயந்து அணைத்திருக்க வேண்டும், இல்லையா? நான் என்ன செய்தேன் தெரியுமா? முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்தேன். காமிரா மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பிய்த்து எடுத்தேன். அதன் முன்னால் உட்கார்ந்தேன். அவனால் முகம் காட்ட முடியவில்லை, என் முகத்தையாவது பார்க்கட்டும் என்று. மெஷினைத் தூக்கித் திருப்பி அறையைக் காட்டினேன். அடுப்பு, கட்டில், அம்மாவின் தையல் பெட்டி. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து தினமும் எரிகிறது. அதோடு பேசிக்கொண்டே வேலை செய்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அண்ணன் எலக்ட்ரீஷியன்தானே, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டான்? இந்தக் கேள்வியை அவனிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

பதில் போடு அக்கா. திட்டியாவது போடு.

சில்வண்டு


ஆகஸ்ட் 11

என் கண்ணே,

நலம் விசாரிக்கிற தகுதியோடு இதை எழுதவில்லை. முதலில் எழுந்து போய் அந்த மெஷினின் இணைப்பைப் பிடுங்கு. பிடுங்கிவிட்டு உட்கார்ந்து மீதியைப் படி.

அது தம்பி இல்லை.

போன வருடம், காணாமல் போனவர்களைத் தேடும் ஒரு பக்கத்தில் தம்பியைப் பற்றிப் போட்டேன். படம், வயது, இடது முழங்கால் தழும்பு எல்லாம். கடைசியில், "தம்பி, நீயாக இருந்தால் அம்மா வைத்த சொல்லைச் சொல்" என்றும் எழுதினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. ஒரு மாதத்தில் ஒருவன் வந்தான். "அக்கா, நான்தான்" என்றான். சொல்லைக் கேட்டேன். "தலையில் அடிபட்டு நிறைய மறந்துவிட்டது, அந்தச் சொல்லும் மறந்துவிட்டது, கோபப்படாதே" என்று எழுதினான்.

எனக்கு அந்த மழை வந்துவிட்டது. மறந்துபோன பிள்ளையை ஒருமுறை வெளியில் நிறுத்தியவள் நான். இரண்டாம் முறையும் நிறுத்த முடியவில்லை. அன்று மழையில் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, சொல்லை நானே எழுதி அனுப்பினேன். அழுதுகொண்டே அனுப்பினேன்.

அதன் பிறகு உன்னைப் பற்றிக் கேட்டான். சில்வண்டு என்று உன்னை நம் வீட்டில் கூப்பிடுவதை, நீ தனியாக இருப்பதை, வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி வேலை பார்ப்பதை, உன் எண்ணை, எல்லாவற்றையும் கொடுத்தேன். தங்கையைப் பற்றி அண்ணன் கேட்கிறான் என்ற சந்தோஷம். எண்ணைக் கொடுத்த மறுநாள் ஆளைக் காணோம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. போனைப் பரணில் போட்டேன். கண்ணில் ஒரு வலியும் கிடையாது. ஒரு வருடம் பதுங்கியிருந்துவிட்டு இப்போது உன்னிடம் வந்திருக்கிறான்.

உன் ஜூன் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். அத்தான் போனில் கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். உன்னிடம் வர பஸ் ஏறிப் பாதி வழியில் இறங்கித் திரும்பினேன். தம்பி வந்துவிட்டான் என்று நீ எழுதியிருந்த வரியை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆபீஸுக்குச் சொல். இந்த நிமிஷமே சொல்.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் விசாரிக்க இன்றைக்கு மனம் வரவில்லை.

உன் கடிதம் பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்கு வந்தது. நான் இணைப்பைப் பிடுங்கியது பதினைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு. நடுவில் இருக்கிற அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கடிதத்தைப் படித்துவிட்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. உன்மேல் எனக்கு ஆத்திரம். நீ பொய் சொல்கிறாய், அவனை மறுபடியும் வெளியில் நிறுத்தப் பார்க்கிறாய் என்றுகூட நினைத்தேன். அதனால் ஒரு பரீட்சை வைத்தேன். அந்த மழை நாளில் நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ கதவில் சாய்ந்து காதைப் பொத்திக்கொண்டு நின்றாய். நான் தரையில் படுத்திருந்தேன். அவன் கதவுக்கு அடியில் விரலை நீட்டினான், இரண்டு விரல், சேறும் ரத்தமுமாக. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வரும்வரை விடவில்லை. நாங்கள் இருவரும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

"மழையில வெளியில நின்னப்ப நீ என்ன செஞ்ச?" என்று போனில் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "அழுதேன். அக்காமேல கோபமா இருந்தது. சாப்டியா?"

அப்போதே தெரிந்துவிட்டது, அக்கா. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

தெரிந்தும் நான் பிடுங்கவில்லை. "சாப்ட்டேன்" என்று பதில் போட்டேன். அந்த விளக்கு அணைந்தால் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் புடவையை எடுத்துக் காட்டினேன். யாரென்று தெரியாத ஒருவனிடம் அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆபீஸுக்குச் சொன்னபோது ஆஸ்பத்திரியின் எல்லாத் திரைகளும் கறுத்துப் போயிருந்தன. நான் திறந்த படத்தின் வழியாக என் மெஷினுக்குள் வந்து, அம்மாவின் சொல்லை வைத்து ஆஸ்பத்திரிக்குள் போயிருக்கிறார்கள். பணம் கேட்டு எல்லாக் குறிப்புகளையும் அவர்கள் பூட்டியது பதினான்காம் தேதி சாயங்காலம்தானாம். பாதுகாப்புக்காரர் திட்டவில்லை. "நேத்து மத்தியானம் சொல்லியிருந்தா போதும்மா" என்றார், அவ்வளவுதான். மூன்று நாள் குறிப்பில்லாமல் வைத்தியம் பார்த்தார்கள். ஊசி ஆகாது என்று சிரித்தாரே, அந்தப் பெரியவருக்கு அதே ஊசியைப் போட்டுவிட்டார்கள். நான் சிவப்பில் எழுதியது பூட்டிக்கிடந்த திரைக்குள் இருந்தது. ஐந்து நாள் கழித்துத்தான் கண் விழித்தாராம்.

வேலை போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஒரு நாள்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

தங்கை


செப்டம்பர் 12

என் சில்வண்டுக்கு,

உன்னைச் சில்வண்டு என்று எழுதலாமா என்று தெரியவில்லை. அந்தப் பெயரையும் நான்தானே விட்டுக்கொடுத்தேன். ஆனாலும் வேறு பெயர் எனக்குக் கைவரவில்லை. சாப்பிடு. முதுகைப் பார்த்துக்கொள்.

உனக்கு ஒரு நாள். எனக்கு ஒரு வருடம். அந்தப் பெரியவரின் ஐந்து நாளை என் கணக்கில் எழுதிக்கொள், உன் கணக்கில் வைக்காதே.

உன் ஆபீஸ் பாதுகாப்புக்காரரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் போட்டிருந்த தம்பியின் படத்தை எடுக்கச் சொன்னார். எடுக்க வேண்டிய பொத்தானை அழுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. அழுத்திவிட்டேன்.

இனி சொல்லை மாற்றியாக வேண்டும். எங்கேயும் அது செல்லாது. மாற்றினால், நிஜமாக அவன் வந்து வாசலில் நின்று பழைய சொல்லைச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? எந்தக் கதவை எப்படித் திறப்போம்? எனக்கு இதுவே நாள் முழுக்க ஓடுகிறது. கண்ணாடிக்கு அளவு பார்க்க வருபவர்கள் எழுத்துகளைப் படிக்கும்போதுகூட அந்தச் சொல்லின் எழுத்துகள்தான் காதில் விழுகின்றன.

விரலைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தை மட்டும் கிழித்து எரித்துவிட்டேன். இந்த முறை என்னிடமிருந்து வெளியில் போகாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் தனியாக இல்லை என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. அதை எழுதியதற்கு உனக்கு நான் என்ன செய்வேன்.

உன்னைப் பார்க்க வரலாமா?

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க வேண்டும். வா. வரும் நாளை முன்கூட்டி எழுது.

எதிர்ச் சலவைக் கடையில் சேர்ந்திருக்கிறேன். சீட்டை வாங்கிப் பார்த்து அதே எண் உள்ள துணியைக் கொடுக்க வேண்டும். "சீட்டு இல்லேன்னா துணி இல்ல, அழுதாலும் கொடுக்காத" என்பது முதலாளியின் முதல் பாடம். எனக்கு வாய்க்கிற முதலாளிகள் எல்லாம் அம்மாவாகவே இருக்கிறார்கள். நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டையைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

போனுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் புதிய சொல் வைத்துவிட்டேன். உனக்கும் சொல்ல மாட்டேன், நீயும் கேட்காதே. பழையதை ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மாற்றி முடித்ததும் அவனை வெளியில் வைத்து நானே தாழ்ப்பாள் போட்டது போல இருந்தது. அன்று முழுவதும் அழுதேன்.

போன வாரம் வீட்டுக்காரர் வந்திருந்தார். என் வாசல் கதவுக்கு அடியில் இரண்டு விரல் அளவுக்குச் சந்து இருக்கிறது. தூசியும் பூச்சியும் வருகிறதே, ரப்பர் பட்டை வைத்து அடைத்துத் தருகிறேன், செலவு என்னுடையது என்றார். பட்டையைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"வேண்டாங்க, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் சில்வண்டு